கார்டியோமயோபதி: ரிப்போர்ட்டில் பெயர் இருக்கிறது, காரணம் எங்கே?

கார்டியோமயோபதி, அதாவது இதயத்தசை நோய் என்று எழுதிய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தெரிந்தவர்களுக்கும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை. மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு மட்டும்.

1. கார்டியோமயோபதி என்றால் ஹார்ட் அட்டாக்தானே? பெயரை மாற்றிச் சொல்கிறார்களா?

இல்லை. ஹார்ட் அட்டாக்கில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசைப்பகுதி சில மணி நேரத்தில் செத்துப்போகிறது. கார்டியோமயோபதியில் கோளாறு தசையிலேயே இருக்கிறது. குழாய்கள் சுத்தமாக இருந்தாலும் தசை மெலிந்து விரியலாம், தடித்துப்போகலாம், விறைத்துப்போகலாம், தசை இருந்த இடத்தில் தழும்பும் கொழுப்பும் வந்து உட்காரலாம்.

ஹார்ட் ஃபெயிலியர் இன்னொரு விஷயம். உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாமல், நடந்தால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, மல்லாந்து படுத்தால் திணறுவது என்று வருகிற நிலையை அப்படிச் சொல்கிறோம். அந்த நிலைக்குக் கொண்டுபோய் விடும் நோய்கள் பல. கார்டியோமயோபதி அவற்றில் ஒன்று.

2. பம்பிங் 30 என்றால் இதயத்தில் 30 சதவீதம்தான் வேலை செய்கிறதா?

இதைக் கேட்டுப் பயந்துபோகாதவர்களே இல்லை. பம்பிங் என்று நாம் சொல்வது ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று இருக்கும். அது ஒரு துடிப்பில் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. நல்ல இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. சுமார் 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. ஆகவே 30 என்பதை 100உடன் ஒப்பிடக் கூடாது, 60உடன் ஒப்பிட வேண்டும். குறைவுதான், ஆனால் நீங்கள் நினைத்த அளவுக்கு அல்ல.

ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் எக்கோ எடுத்தால் ஐந்து புள்ளி முன்னே பின்னே வரும். 35 இருந்தது 32 ஆகிவிட்டதே என்று தூக்கம் தொலைக்க வேண்டாம்.

3. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை என்கிறார்கள். அப்புறம் எப்படி இதயம் பலவீனமாகும்?

இதய நோய் என்றாலே அடைப்பு என்று நம் காது பழகிவிட்டது. இங்கே கணக்கு தலைகீழ். அடைப்பு, நீண்டநாள் ரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, பிறவிக் குறை ஆகிய நான்கும் இல்லை, அல்லது இருந்தாலும் இவ்வளவு சேதத்துக்கு அவை காரணமாக முடியாது என்று தெரிந்தால்தான் கார்டியோமயோபதி என்ற பெயரே வரும். ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ நார்மல் என்று வந்தால் அது வீண் பரிசோதனை ஆகிவிடாது. தேடல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒரு குழப்பம் மட்டும் உண்டு. அடைப்பினால் தசை செத்து இதயம் பலவீனமானதையும் 'இஸ்கீமிக் கார்டியோமயோபதி' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. கறாரான வகைப்பாட்டில் அது சேராது. ரிப்போர்ட்டில் அந்த முதல் சொல் இருந்தால் உங்கள் கதை அடைப்பின் கதை. ஸ்டென்ட், பைபாஸ் பற்றிய பேச்சு அங்கே பொருந்தும். இந்தப் பக்கத்தில் மற்றவை எல்லாம் அடைப்பு இல்லாதவர்களைப் பற்றியது.

4. மொத்தம் எத்தனை வகை?

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் ஐந்தாகப் பிரிக்கிறது. அறை விரிந்து சுருங்கும் பலம் குறைவது டி.சி.எம். சுவர் தடிப்பது எச்.சி.எம். விரியவும் இல்லை, பெரிதாகத் தடிக்கவும் இல்லை, ஆனால் விறைத்துப்போய் ரத்தத்தை உள்ளே வாங்க மறுக்கிறது என்றால் ஆர்.சி.எம். தசையைத் தின்று தழும்பும் கொழுப்பும் பரவி, பெரும்பாலும் வலது கீழறையில் தொடங்கித் துடிப்பைத் தாறுமாறாக்குவது ஏ.ஆர்.வி.சி. ஐந்தாவது புதிதாகச் சேர்ந்தது: இடது அறை விரியாமலே தழும்போ பலக்குறைவோ இருப்பது. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களை எந்தப் பெட்டியிலும் போட முடியாமல் 'லேசான டி.சி.எம்.' என்று எழுதிவிடுவார்கள்.

நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: இவை எல்லாம் உருவத்துக்கு வைத்த பெயர்கள். எக்கோவில் இதயம் எப்படித் தெரிகிறது என்று சொல்லும். ஏன் அப்படி ஆனது என்று சொல்லாது. டி.சி.எம். என்ற ஒரே பெயருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து காரணங்கள் நிற்கலாம். சிலவற்றைச் சரிசெய்தால் இதயம் பழையபடி திரும்பும். அதனால் பெயர் கிடைத்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி "எதனால்?" என்பதுதான்.

5. சரி, டி.சி.எம். எதனால் வருகிறது?

பட்டியல் நீளம். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தசையில் வந்த அழற்சி, பரம்பரை மரபணு மாற்றம், மது, சில புற்றுநோய் மருந்துகள், கர்ப்பம், தைராய்டு கூடுதல் அல்லது குறைவு, கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப் பொருள்கள், ரத்தத்தில் கால்சியம் மிகக் குறைவது, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்கு இதயத்தில் இரும்பு படிவது. மத்திய, தென் அமெரிக்காவில் சாகஸ் நோய் முக்கியமான காரணம். 1909ல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் விவரித்த ஒட்டுண்ணி நோய் அது. தொற்று வந்து இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட இதயம் கெடும்.

சத்துக் குறைபாடும் இதில் உண்டு. 1935ல் சீனாவின் கேஷான் மாவட்டத்தில் கொத்துக் கொத்தாக இதயத்தசை நோய் வந்து, அந்த ஊரின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. அங்கே மண்ணில் செலினியம் குறைவு என்பது பின்னால்தான் தெரிந்தது. செலினியம் கொடுக்கத் தொடங்கியதும் நோய் வெகுவாகக் குறைந்தது.

இன்னொரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நேரம் அது கண்ணில் படாமலே போகிறது: துடிப்பின் வேகம். மாதக்கணக்கில் நிமிடத்துக்கு 120, 130 என்று ஓடும் இதயம், வேறு கோளாறு எதுவும் இல்லாவிட்டாலும் களைத்து விரிந்துவிடும். நடுநடுவே வரும் கூடுதல் துடிப்புகள் ஒரு நாளின் மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் போனாலும் இதே கதி வரலாம். துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவியைப் போட்டால் தெரியும். துடிப்பைச் சரிசெய்தால் பம்பிங் மாதங்களில் ஏறுவதைப் பார்க்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்ததால் மட்டுமே கிடைக்கும் பலன் இது.

6. இத்தனை டெஸ்ட் எடுத்தும் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படிக்கூட எழுதுவார்களா?

எழுதுவார்கள். இடியோபதிக் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால் அதற்கு முன் என்னென்ன பார்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு, இரும்பு, கால்சியம், எச்.ஐ.வி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள், ஹோல்டர், காடோலினியம் ஊசி போட்டு எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ., மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறு. இவை எல்லாம் முடிந்த பிறகு தெரியவில்லை என்றால் அது நேர்மையான பதில். ஒரு எக்கோவும் ஒரு ஆஞ்சியோவும் மட்டும் எடுத்துவிட்டுச் சொன்னால் தேடல் பாதியில் நிற்கிறது.

எம்.ஆர்.ஐ.யை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தழும்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதை எக்கோ காட்டாது. தசையின் நடு அடுக்கில் கோடாக விழுந்த தழும்பு, உள்ளடுக்கில் தொடங்கிய தழும்பு, வெளிப்புறத்தில் திட்டாக இருக்கும் தழும்பு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டும்.

7. அப்பா பல வருஷமாகக் குடிக்கிறார். அதனால்தான் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சந்தேகப்படலாம், முடிவுகட்டக் கூடாது. தினமும் 80 கிராமுக்கு மேல் ஆல்கஹால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் என்பது பாடப்புத்தகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. அவ்வளவு குடித்தும் இதயம் கெடாதவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் குறைவாகக் குடித்துக் கெட்டவர்களும் இருக்கிறார்கள். டைட்டின் என்ற மரபணுவில் ஏற்கெனவே பிசகு உள்ளவர்களுக்கு மது சீக்கிரம் வேலையைக் காட்டுகிறது. குடிகாரர் என்று முத்திரை குத்திவிட்டு மற்ற பரிசோதனைகளை விட்டுவிடுவதால், அதே மரபணுவைச் சுமக்கும் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

முற்றிலும் நிறுத்தினால் பலருக்கு இதயம் தேறும், சிலருக்கு முழுதாகவே. அப்புறம் ஒரு விசித்திரமான வரலாறு. 1960களின் நடுவில் கனடாவின் கியூபெக் நகரில் பீர் அதிகம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இதயத்தசை நோயில் விழுந்தார்கள். நுரை நிற்பதற்காக பீரில் கோபால்ட் சேர்த்திருந்தது தெரிய வந்தது; அதை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வருவதும் நின்றது.

8. பிரசவம் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கி, பம்பிங் 25 என்றார்கள். இது எப்படி?

பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி. கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலோ வரும். இரட்டைக் குழந்தை, கர்ப்பகால ரத்த அழுத்தம், கூடிய வயது ஆகியவை வாய்ப்பை அதிகமாக்கும். இதன் மோசமான குணம், கர்ப்பத்தில் இயல்பாக வரும் தொந்தரவுகளின் வேஷத்தில் வருவதுதான். களைப்பு, கால் வீக்கம், மூச்சு வாங்குதல் எல்லாம் "பிள்ளை பெற்றவளுக்கு இருக்கத்தானே செய்யும்" என்று தள்ளிப்போகும். மல்லாந்து படுக்க முடியவில்லை, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் அன்றைக்கே எக்கோ எடுக்க வேண்டும்.

பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பம்பிங் ஓராண்டுக்குள் இயல்புக்கு அருகில் திரும்புகிறது. ஆனால் அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் வரும் ஆபத்து உண்டு. பம்பிங் முழுதாகத் திரும்பாதவர்களுக்கு அது மிக அதிகம். அடுத்த குழந்தை பற்றி முடிவெடுக்கும் முன் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேச வேண்டும். ஏழில் ஒருவருக்கு டி.சி.எம். குடும்பங்களில் காணும் அதே வகை மரபணு மாற்றங்கள் கிடைத்திருக்கின்றன. 'கர்ப்பத்தால் வந்தது' என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது.

9. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து சில வருஷம் ஆகிறது. இப்போது இதயம் வீக் என்கிறார்கள். கீமோவுக்கும் இதற்கும் தொடர்பா?

இருக்க வாய்ப்பு அதிகம். எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. டாக்ஸோரூபிசின் வகை மருந்துகளின் சேதம் மொத்த அளவைப் பொறுத்து ஏறும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும்போது வேகமாக ஏறுகிறது. அந்தச் சேதம் பல ஆண்டு கழித்தும் வெளிப்படலாம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டிராஸ்டுசுமாப் வேறு மாதிரி: நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடும். பழைய கீமோ ரிப்போர்ட்டில் மருந்தின் பெயரும் மொத்த அளவும் இருக்கும். அதைத் தேடி எடுத்து இதய மருத்துவரிடம் கொடுங்கள். நெஞ்சுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

10. காய்ச்சல் வந்தால் இதயம் கெடுமா? தடுப்பூசியாலும் வரும் என்கிறார்களே?

காய்ச்சல் வந்தவர்களில் மிகச் சிலருக்கே இதயத்தசை அழற்சி வரும். காக்ஸாக்கி போன்ற வைரஸ்களும் கோவிட் வைரஸும் இதைச் செய்யும். பெரும்பாலோர் முழுதாகத் தேறுவார்கள். ஒரு பகுதியினருக்கு அது டி.சி.எம். ஆக முற்றும். அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி கூடாது என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இளவயதுக்காரர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டிய அறிவுரை அது.

எம்.ஆர்.என்.ஏ. வகை கோவிட் தடுப்பூசிக்குப் பின் இதயத்தசை அழற்சி வருவது உண்மை. பெரும்பாலும் பதின்ம, இருபதுகளில் உள்ள ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள். அரிது, பெரும்பாலும் லேசானது.

11. சுவர் தடித்திருக்கிறது என்றால் இதயம் பலமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எச்.சி.எம்.மில் பம்பிங் 65, 70 என்று இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து மகிழ்ந்துவிடுவார்கள். ஆனால் தடித்த தசையில் நார்கள் வரிசையாக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அது எளிதில் தளராது, அறை சரியாக நிரம்பாது. பலருக்குத் தடித்த சுவர் ரத்தம் வெளியேறும் வாசலையே மறிக்கிறது. நார்களின் தாறுமாறு மின்னோட்டத்தையும் தாறுமாறாக்கும்.

சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வளவு அரிதல்ல. பெரும்பாலும் தசையின் சுருங்கும் புரதங்களுக்கான மரபணுக்களில் மாற்றம். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. வாசல் மறிக்கப்பட்டவர்களுக்கு உடலில் நீர் வற்றுவது ஆகாது. நெஞ்சுவலி என்று நைட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தால் நிலைமை மோசமாகலாம். அவசர சிகிச்சைக்குப் போனால் "எனக்கு எச்.சி.எம்." என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வாசலைத் திறக்க வழிகள் உண்டு. பீட்டா பிளாக்கர், 2022ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவாகாம்டென், தடித்த சுவரைச் செதுக்கி எடுக்கும் அறுவை சிகிச்சை, அல்லது அந்தச் சுவருக்குப் போகும் சிறு ரத்தக்குழாயில் ஆல்கஹால் செலுத்தி அந்தப் பகுதியை மட்டும் சுருங்க வைப்பது. ஏழாவது பதிலில் குற்றவாளியாக நின்ற அதே ஆல்கஹால், இங்கே சில மில்லிலிட்டரில் மருந்தாகிறது.

12. எனக்கு பி.பி. பல வருஷமாக இருக்கிறது. சுவர் தடிமன் 13 மி.மீ. இது பி.பி.யாலா, எச்.சி.எம்.மா?

இதயச் சுவர் 11 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு. வேறு காரணம் இல்லாமல் 15 அல்லது அதற்கு மேல் போனால் எச்.சி.எம்.; நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு ஏற்கெனவே இருந்தால் 13 போதும். நீங்கள் இருப்பது இடைப்பட்ட இடம். ரத்த அழுத்தத்தால் வரும் தடிப்பு பொதுவாக எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும், 15ஐ அரிதாகவே தாண்டும், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் குறையவும் செய்யும். எச்.சி.எம். தடிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், மாத்திரையால் குறையாது.

தீவிரமாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்கும் 13, 14 வரும். மூன்று மாதம் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி அளப்பார்கள். குறைந்தால் அது பயிற்சியின் விளைவு.

13. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று விழுந்து இறந்தார் என்று செய்தி வருகிறதே, அது இதுதானா?

இளம் வயதில் அப்படி இறப்பவர்களில் ஒரு பகுதி இதுதான். 2003 ஜூனில் பிரான்சின் லியோன் நகரில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ 28 வயதில் மைதானத்திலேயே சரிந்தார். பிரேதப் பரிசோதனையில் எச்.சி.எம். தெரிந்தது. இன்னொரு முக்கியக் காரணம் ஏ.ஆர்.வி.சி. இதில் தசைச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் பழுது. தைத்த துணியில் நூல் இற்றுப்போனது மாதிரி, இழுக்க இழுக்கப் பிரியும். அதனால்தான் கடும் உடற்பயிற்சி இந்த நோயைத் தூண்டுவதோடு நிற்காமல், வேகமாக முற்றவும் வைக்கிறது. கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவில் சில குடும்பங்களில் கம்பளி போன்ற தலைமுடி, தடித்த உள்ளங்கை உள்ளங்கால், கூடவே இந்த இதய நோய் என்று சேர்ந்தே வந்ததைக் கவனித்துத்தான் பிணைப்புப் புரதத்தின் பங்கு தெரிய வந்தது.

இத்தாலி 1982லிருந்து போட்டி வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யோடு கூடிய பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ பகுதியில் வீரர்களின் திடீர் இதயச் சாவு அதன் பின் 89 சதவீதம் குறைந்தது என்று 2006ல் வெளியான ஆய்வு சொன்னது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. ஆனால் விளையாடும்போது மயங்கி விழுந்தவரை 'வெயில்' என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது என்பதில் விவாதம் இல்லை.

14. தாத்தாவுக்குப் பம்பிங் 60, நார்மல் என்கிறார்கள். ஆனால் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எதை நம்புவது?

தாத்தாவை நம்புங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன பம்பிங், வெளியே தள்ளுவதன் கணக்கு மட்டும். உள்ளே எவ்வளவு சுலபமாக நிரம்புகிறது என்பதை அது சொல்லாது. விறைத்த இதயத்தில் அறையே சிறிது, நிரம்புவதே கொஞ்சம். அதில் 60 சதவீதம் தள்ளினாலும் உடலுக்குப் போதாது.

முதியவர்களிடம் இப்படி இருந்தால் அமிலாய்டோசிஸைத் தேட வேண்டும். டிரான்ஸ்தைரெட்டின் என்ற, கல்லீரல் தயாரிக்கும் புரதம் உருமாறித் தசைக்குள் படிகிறது. சில தடயங்கள் சேர்ந்து வரும்: எக்கோவில் சுவர் தடித்திருக்கும், ஆனால் ஈ.சி.ஜி.யில் அலைகள் குட்டையாக இருக்கும், பல ஆண்டுகளுக்கு முன் இரு கைகளிலும் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு ஆபரேஷன் நடந்திருக்கும், காலமெல்லாம் பி.பி. மாத்திரை போட்டவருக்கு இப்போது மாத்திரையே தேவைப்படாது. பி.பி. குணமாகிவிட்டது என்று குடும்பமே சந்தோஷப்படும்! லேசான கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி எடுக்கும் டெக்னீசியம் ஸ்கேன் மூலம் இதைப் பெரும்பாலும் திசு எடுக்காமலே கண்டுபிடித்துவிடலாம். டஃபாமிடிஸ் என்ற மருந்துக்கு 2019ல் அமெரிக்கா அனுமதி தந்தது. நோய் முற்றும் வேகத்தை அது குறைக்கிறது, படிந்ததை நீக்குவதில்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமிலாய்டிலேயே இன்னொரு வகை எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவது. அது வேகமானது, சிகிச்சையும் கீமோ வகை. ஸ்கேனோடு அதற்கான ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளையும் கட்டாயம் செய்ய வேண்டும். விறைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு: சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், இரும்புப் படிவு, கதிர்வீச்சு, யுகாண்டா போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் இதயத்தின் உள்சுவர் தழும்பாகும் ஒரு நோய்.

15. கணவர் இறந்த அன்று அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஹார்ட் அட்டாக் என்றார்கள், அப்புறம் இல்லை என்றார்கள். துக்கத்தில் இதயம் நொறுங்கும் என்பது நிஜமா?

நிஜம். டகோட்சுபோ என்ற இந்த நிலையை 1990ல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். அட்ரினலின் வெள்ளம் போல் பாய்ந்து, இடது கீழறையின் நுனி உறைந்துபோய் உப்பிக்கொள்ளும். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் ஹார்ட் அட்டாக் போலவே இருக்கும், ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காது. பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதினர். துக்கம் மட்டுமல்ல, அறுவை சிகிச்சை, கடும் உடல்நோய், அபூர்வமாகப் பெருமகிழ்ச்சிகூடத் தூண்டும்.

சில வாரங்களில் பம்பிங் திரும்பிவிடும். முதல் சில நாள் ஆபத்தானவை; 'மனசுதான் காரணம்' என்று லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

16. ரிப்போர்ட்டில் 'நான் கம்பேக்ஷன்' என்று இருக்கிறது. இது உங்கள் ஐந்து வகையில் இல்லையே?

உள்சுவரில் தசைக் கம்பிகள் பின்னலாகத் தெரிவது அது. மற்றபடி நன்றாக இருப்பவர்களிடமும், வீரர்களிடமும், கர்ப்பிணிகளிடமும் தெரிகிறது. நான்காவது பதிலில் சொன்ன 2023 வழிகாட்டுதல் இதைத் தனி நோயாக ஏற்கவில்லை. பம்பிங், குடும்ப வரலாறு, துடிப்பு மூன்றும் சரி என்றால் பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

17. அண்ணனுக்கு எச்.சி.எம். நான் எக்கோ எடுத்தேன், நார்மல். இனி விட்டுவிடலாம்தானே?

இன்றைக்கு நார்மல், அவ்வளவுதான். இந்த நோய்கள் எந்த வயதிலும் தலைகாட்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் தேவை. சிறுவர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவர்களுக்குச் சில ஆண்டு இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும்.

இந்தச் சுழலிலிருந்து விடுபட ஒரு வழி ஜீன் டெஸ்ட். முதலில் நோய் உள்ள அண்ணனுக்குச் செய்ய வேண்டும். அவரிடம் தெளிவான மாற்றம் கிடைத்து, அது உங்களிடம் இல்லை என்றால் தொடர் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. அண்ணனுக்குச் செய்யாமல் உங்களுக்கு மட்டும் செய்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

18. ஜீன் டெஸ்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வந்திருக்கிறது. பாசிட்டிவா நெகட்டிவா?

இரண்டும் இல்லை. மரபணுவின் எழுத்தில் மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா என்று சொல்லப் போதிய சான்று இல்லை. அதை வைத்துக் குடும்பத்தினரை 'உனக்கு உண்டு, உனக்கு இல்லை' என்று பிரிக்கக் கூடாது. சில ஆண்டு கழித்து மறுமதிப்பீடு கேட்கலாம். சான்று சேரச் சேரப் பல மாற்றங்கள் தீங்கற்றவை என்று நகர்ந்திருக்கின்றன.

இதோடு சேர்த்து ஒன்று. தெற்காசிய வம்சாவளியினரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் இருப்பதாக 2009ல் வெளியான ஆய்வு காட்டியது. இதயத்தசை நோய் ஆபத்தோடு அது தொடர்புடையது. ஆனால் சுமப்பவர்களில் பலர் நோயின்றியே வாழ்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அருகில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பவர்களிடமே ஆபத்து குவிவதாகக் காட்டின. உங்கள் ரிப்போர்ட்டில் இது இருந்தால் எக்கோவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

19. மாத்திரை சாப்பிட்டு பம்பிங் 30லிருந்து 55 ஆகிவிட்டது. குணமாகிவிட்டதே, நிறுத்தலாமா?

டி.சி.எம். என்றால், வேண்டாம். டிரெட் எச்.எஃப். என்ற ஆய்வில் இப்படித் தேறியவர்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவக் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. எண்ணிக்கை சிறியது, செய்தி தெளிவானது.

விதிவிலக்கு காரணத்தைப் பொறுத்தது. டகோட்சுபோவில் தேறியவர், தைராய்டு சரியானவர், தாறுமாறான துடிப்பு முழுதாக நின்றவர் ஆகியோருக்கு மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் பேசக்கூடும். காரணமே தெரியாதவருக்கு அந்தப் பேச்சு எழ வழியில்லை.

20. நன்றாகத்தானே நடமாடுகிறேன்? ஏன் ஐ.சி.டி. வைக்கச் சொல்கிறார்கள்?

ஐ.சி.டி. என்பது உடலுக்குள் பொருத்தும் சிறு மின்கருவி. அது இதயத்தைப் பலப்படுத்தும் கருவி அல்ல. கொல்லக்கூடிய துடிப்பு வந்தால் அந்த நொடியில் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் காவல். டி.சி.எம்.மில் குறைந்தது மூன்று மாதம் முழு அளவு மருந்து கொடுத்தும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால் பேச்சு வரும். எச்.சி.எம்.மில் பம்பிங்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது: சுவர் 30 மில்லிமீட்டரை எட்டியிருப்பது, காரணம் புரியாத மயக்கம், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் போன்றவை கணக்கில் வரும். லேமின் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குப் பம்பிங் 35க்கு மேல் இருக்கும்போதே யோசிப்பார்கள். இங்கேயும் முடிவைத் தீர்மானிப்பதில் பாதி, காரணம்தான்.

21. ஒரே வீட்டில் பெரியப்பாவுக்கு எச்.சி.எம்., அவர் மகளுக்கு டி.சி.எம். என்கிறார்கள். யாரோ ஒருவர் தப்பாகத்தானே சொல்லியிருக்க வேண்டும்?

இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். ஒரே மரபணுவின் வெவ்வேறு மாற்றங்கள் ஒரு வீட்டில் தடிப்பையும் இன்னொரு வீட்டில் விரிவையும் தரும். ஒரே வீட்டுக்குள்ளும் உருவம் மாறலாம். தவிர, எச்.சி.எம். உள்ளவர்களில் சிலருக்குப் பல ஆண்டு கழித்துத் தடித்த தசை தேய்ந்து, அறை விரிந்து, பம்பிங் 50க்குக் கீழே இறங்கும். அந்தக் கட்டத்தில் முதன்முறையாக எக்கோ எடுத்தால் டி.சி.எம். என்றுதான் எழுதுவார்கள். நொதிக் குறைவால் கொழுப்புப் பொருள் செல்களுக்குள் தேங்கும் ஃபாப்ரி நோயும் எச்.சி.எம். வேஷம் போடும், அதற்கு நொதி ஊசி உண்டு, ஆகவே பிரித்தறிவது முக்கியம்.

இரண்டு பேரின் பழைய ஈ.சி.ஜி., எக்கோ எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் சேர்த்து, ஒரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூடவே யார் யார் எந்த வயதில், எப்படி இறந்தார்கள் என்று ஒரு தாளில் வம்ச மரம் வரையுங்கள். 'தூக்கத்திலேயே போய்விட்டார்', 'கிணற்றில் நீந்தும்போது போய்விட்டார்' என்று சொல்லிக் கடந்துபோன சாவுகளையும் விடாமல் எழுதுங்கள்.